காதில் விழுந்தும் கேட்காதது: கவனத்தை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

கல்யாணப் பத்திரிகைகளுக்கு ப்ரூஃப் பார்ப்பது என் பிழைப்பில் ஒரு பகுதி. சில வருடங்களுக்கு முன் ஒரு பத்திரிகையை நான்கு தடவை பார்த்தேன். முகூர்த்த நேரம், நட்சத்திரம், மாப்பிள்ளையின் படிப்புக்குப் பின்னால் வரும் புள்ளிகள், தாய்மாமன்கள் பெயர் வரிசை (இதில் பிழை வந்தால் கல்யாணமே நின்றுவிடும்), மண்டபத்துக்கு எந்த பஸ் என்பது வரை எல்லாம் சரியாக இருந்தது. 500 பிரதி அடித்துக் கொடுத்தாயிற்று. பெண்ணின் பெரியப்பா ஒன்றைக் கையில் வாங்கியதுமே, "என்னப்பா, 'அழைபிதழ்'னு போட்டிருக்கு?" என்றார். அட்டையிலேயே பெரிய எழுத்தில், தங்க நிறத்தில், ஒரு 'ப்' காணோம்.

பெரியப்பா படிக்கும் வழக்கம் உள்ளவர் இல்லை. என் கண்ணாடி பவரும் சரியாகத்தான் இருந்தது. நான் சின்ன எழுத்தில் பிழை தேடிக்கொண்டிருந்தேன், அவர் எதையும் தேடவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். கண்ணிலும் காதிலும் தோலிலும் ஒவ்வொரு நொடியும் வந்து விழுவதில் கொஞ்சத்தை மட்டும் மூளை எடுத்துக்கொள்கிறது, மீதியைத் தாழ்த்திவிடுகிறது. இதைத்தான் தேர்ந்தெடுக்கும் கவனம் என்கிறார்கள். இதைப் பற்றி நான்கு பக்கம் படிப்பதைவிட, அது நம்மை ஏமாற்றும் இடத்தில் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் விஷயம் சீக்கிரம் புரியும்.

வேண்டியவை: கூட ஒரு ஆள், இரண்டு போன், வயர் உள்ள சாதாரண இயர்போன் இரண்டு, பழைய செய்தித்தாள், நான்கு நிற ஸ்கெட்ச் பேனா, ஒரு பிடி அரிசி, கொஞ்சம் தோல் உளுந்து. ஒரு மணி நேரம் போதும். வரிசை மாற்றாமல் செய்யுங்கள். முதல் படியில் பார்த்தது ஐந்தாவது படியில் தேவைப்படும்.

முதல் படி: கண் ஓரிடம், கவனம் வேறிடம்

கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். அந்த நகத்தின் அகலம்தான் நம் கண் மிகத் தெளிவாகப் பார்க்கும் பரப்பு, ஏறக்குறைய 2 பாகை. அதற்கு வெளியே எல்லாம் மங்கல்தான். மங்கல் என்று நமக்குத் தெரியாமல் இருப்பதற்குக் காரணம், கண் நொடிக்குச் சுமார் மூன்று முறை தாவிக்கொண்டே இருப்பது.

இப்போது செய்தித்தாளை மேசையில் விரித்து, நடுவில் ஒரு எழுத்தின் மேல் பேனாவால் புள்ளி வையுங்கள். கண்ணை அந்தப் புள்ளியிலேயே நிறுத்துங்கள். நகர்த்தக் கூடாது. உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் உங்கள் கருவிழியைப் பார்த்துக்கொள்ளட்டும், நகர்ந்தால் சொல்லிவிடுவார். கண் அங்கேயே இருக்க, மனத்தை மட்டும் இடப்பக்கம் இரண்டு விரற்கடை தள்ளி இருக்கும் தலைப்புக்குக் கொண்டுபோங்கள். கொஞ்சம் முயன்றால் அந்த மங்கலிலும் ஒரு சொல் பிடிபடும். அந்த நேரத்தில் வலப்பக்கம் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை 19ஆம் நூற்றாண்டிலேயே செய்து பார்த்திருக்கிறார். இருட்டுப் பெட்டிக்குள் எழுத்துகள் அச்சிட்ட தாள் இருக்கும். ஒரு மின்பொறி கண நேரம் மட்டும் அதைக் காட்டும், கண் அசைய அவகாசமே கிடையாது. பொறி விழுவதற்கு முன்பே எந்த மூலையைக் கவனிப்பது என்று மனத்தில் முடிவு செய்துகொண்டால், அந்த மூலையின் எழுத்துகளை மட்டும் அவரால் படிக்க முடிந்தது. 1980இல் மைக்கேல் போஸ்னர் இதையே கணினித் திரையில் மில்லி விநாடிக் கணக்கில் அளந்தார். கண் நகராவிட்டாலும், கவனம் முன்கூட்டியே போய் நின்ற பக்கத்தில் தோன்றும் புள்ளிக்குக் கை சீக்கிரம் பட்டனை அழுத்துகிறது. எதிர்ப்பக்கத்தில் தோன்றினால் தாமதமாகிறது.

கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியே வெளியே பார்ப்பதுபோல நின்றுகொண்டு, எந்த சீட் காலியாகப் போகிறது என்று ஓரக்கண்ணில் வைத்திருப்பவர்களுக்கு இது புதிய செய்தியே இல்லை.

இரண்டாம் படி: இரண்டு காது, ஒரு வாய்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு போனிலும் ஒரு இயர்போனைச் செருகுங்கள். ஒன்றின் இடக்குமிழ் இடக்காதில், மற்றதன் வலக்குமிழ் வலக்காதில். மிச்சக் குமிழ்கள் தொங்கட்டும். இரண்டிலும் ஆண் குரலில் வாசிக்கும் இரண்டு வெவ்வேறு செய்திகளை ஒரே சத்தத்தில் ஓட விடுங்கள். பாட்டு வேண்டாம், பேச்சுதான் வேண்டும்.

உங்கள் வேலை, வலக்காதில் வருவதை ஒரு சொல் பின்தங்கி, அப்படியே வாய்விட்டுத் திருப்பிச் சொல்வது. முதல் அரை நிமிடம் நாக்கு குழறும், அப்புறம் ஓட ஆரம்பித்துவிடும். இரண்டு நிமிடம் ஆனதும் நிறுத்திவிட்டு, இடக்காதில் என்ன செய்தி ஓடியது என்று துணைக்கு இருப்பவர் கேட்கட்டும். "யாரோ பேசினார்" என்பதற்கு மேல் பெரும்பாலும் ஒன்றும் வராது.

அடுத்த சுற்றில், நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இடக்காதுச் செய்தியை அவர் பெண் குரலுக்கு மாற்றட்டும். அது உங்களுக்கு உடனே தெரியும். இன்னொரு சுற்றில், குரலின் தன்மை அதிகம் மாறாமல் மொழியை மட்டும் தெலுங்குக்கோ மலையாளத்துக்கோ மாற்றட்டும். அது தெரிகிறதா என்று பாருங்கள்.

காலின் செர்ரி 1953இல் வெளியிட்ட சோதனை இதுதான். அன்றைக்கு விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரங்களில் பல விமானிகளின் குரல்கள் ஒரே ஒலிபெருக்கியில் கலந்து வந்து உயிருக்கே ஆபத்தாக இருந்தன. ஒரு குரலை மனிதக் காது எப்படிப் பிரிக்கிறது என்ற கேள்வி அங்கிருந்து வந்தது. கவனிக்காத காதில் ஆண் குரல் பெண் குரலானதும், 'பீப்' ஒலி வந்ததும் செர்ரியின் ஆட்களுக்குத் தெரிந்தன. ஆங்கிலம் ஜெர்மனாக மாறியது தெரியவில்லை. அதாவது குரலின் தடிமன், சுருதி போன்ற மேற்பூச்சு உள்ளே வந்துவிடுகிறது, பொருள் வாசலிலேயே நின்றுவிடுகிறது. இதை வைத்து டொனால்ட் பிராட்பென்ட் 1958இல் ஒரு வடிகட்டிக் கோட்பாட்டை எழுதினார். கேம்பிரிட்ஜில் வேலை பார்த்த உளவியலாளர் அவர். வருவது எல்லாம் ஒரு குறுகிய வாசலில் முட்டுகிறது, ஒன்றுதான் உள்ளே போக முடியும் என்பது அவர் கணக்கு.

இனி வேடிக்கையான சுற்று. இடக்காதுச் செய்தியின் நடுவில் உங்கள் பெயரைச் சொல்லும் ஒரு பதிவை, உங்களுக்குத் தெரியாமல் அவர் நுழைக்கட்டும். 1959இல் நெவில் மொரே இதைச் செய்தபோது, மூன்றில் ஒருவர் தன் பெயரைக் கேட்டுவிட்டார். 1995இல் வேறு இருவர் இன்னும் கறாராகத் திரும்பச் செய்தபோதும் கணக்கு கிட்டத்தட்ட அதுவேதான். வாசல் பூட்டியிருந்தால் பெயர் எப்படி உள்ளே வந்தது? ஆன் ட்ரீஸ்மன் 1960களில் பதில் சொன்னார்: அது பூட்டு இல்லை, சத்தத்தைக் குறைக்கும் திருகு. கவனிக்காதது தாழ்ந்த குரலில் உள்ளே வந்துகொண்டுதான் இருக்கிறது. சொந்தப் பெயர் போன்ற சில சொற்களுக்கு அந்தத் தாழ்ந்த குரலே போதும்.

கூட்டத்தில் தன் பெயர் காதில் விழுந்துவிட்டால் "எனக்குப் பாம்புச் செவி" என்று பெருமைப்படுபவர்கள் உண்டு. 2001இல் வந்த ஓர் ஆய்வு அவர்களுக்குக் கொஞ்சம் கசக்கும். ஒரு போன் நம்பரைக் கேட்டு எழுதும் வரை மனத்தில் பிடித்து வைத்திருக்கிறோமே, அந்த வேலை நினைவு குறைவாக இருந்தவர்களில் 65 சதவீதம் பேர் தங்கள் பெயரைக் கேட்டார்கள். வேலை நினைவு அதிகம் உள்ளவர்களில் 20 சதவீதம் பேர்தான் கேட்டார்கள். பெயர் கேட்டதென்றால் பல சமயம் திருகு சரியாக இறுகவில்லை என்றுதான் பொருள்.

இந்தத் திருகு மூளையில் கண்ணால் பார்க்கக்கூடியது. ஒலி காதில் விழுந்து பத்தில் ஒரு நொடிக்குள் மண்டையின் மேல் ஒட்டிய மின்வாய்கள் (எலக்ட்ரோடுகள்) ஓர் அலையைப் பதிவு செய்கின்றன. கவனிக்கும் காதுக்கு அந்த அலை பெரிதாகவும், மற்றதற்குச் சிறிதாகவும் வருவதை 1973இல் ஸ்டீவன் ஹில்யார்ட் குழு காட்டியது. 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் இன்னும் நெருங்கிப் போனார்கள். வலிப்பு நோய் அறுவைக்காக மூளையின் மேலேயே மின்வாய்கள் பொருத்தப்பட்டிருந்த நோயாளிகளுக்கு இரண்டு குரல்களைக் கலந்து போட்டு, ஒன்றை மட்டும் கவனிக்கச் சொன்னார்கள். காதுக்குச் சற்று மேலே, மூளையில் இருக்கும் கேட்கும் பகுதியின் மின் பதிவை வைத்துப் பேச்சைத் திரும்பக் கட்டிப் பார்த்தால், அது கவனித்தவரின் பேச்சாக இருந்தது. இரண்டு குரலும் கலந்துதான் காதுக்குள் போயின என்பதை மறந்துவிடாதீர்கள்.

மூன்றாம் படி: அரிசித் தட்டு

ஒரு தட்டில் அரிசியைப் பரப்பி அதில் ஒரே ஒரு தோல் உளுந்தைப் போடுங்கள். தேட வேண்டியதில்லை, அதுவே கண்ணுக்கு வந்து நிற்கும். அரிசியை இரண்டு மடங்காக்கினாலும் நேரம் அப்படியேதான் இருக்கும்.

இப்போது உளுந்துக்குப் பதில் ஒரு வெள்ளைக் கல். பாட்டிமார்கள் ஏன் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள் என்று தெரிந்துவிடும். நிறத்தால் பிரிக்க முடியவில்லை, அளவாலும் முடியவில்லை. பகுதி பகுதியாகக் கவனத்தை நகர்த்தித்தான் ஆக வேண்டும். அரிசியைக் கூட்டினால் நேரமும் கூடும்.

இதைத் தாளிலும் செய்யலாம். நிறைய நீல 'ட'வுக்கு நடுவில் ஒரு சிவப்பு 'ட' போட்டால் குதித்து வரும். சிவப்பு 'ட'வையும் நீல 'ப'வையும் கலந்து நிரப்பிவிட்டு, ஒரே ஒரு சிவப்பு 'ப'வைத் தேடச் சொல்லுங்கள், எதிராளி திணறுவார். நிறத்தை மட்டும், வடிவத்தை மட்டும் என்றால் மூளை தாள் முழுவதையும் ஒரே வீச்சில் சலித்துவிடும். இந்த நிறம் இந்த வடிவத்தோடு சேர்ந்திருக்கிறதா என்று ஒட்டிப் பார்ப்பதற்குக் கவனம் அந்தந்த இடத்துக்குப் போக வேண்டும். 1980இல் இதைச் சொன்னவரும் அதே ட்ரீஸ்மன்தான், கெலேடு என்பவரோடு சேர்ந்து.

நான்காம் படி: சிவப்பு என்று எழுதிய பச்சை

சீக்கிரம் முடிந்துவிடும். 'சிவப்பு', 'பச்சை', 'நீலம்', 'கறுப்பு' என்ற சொற்களைக் கலந்து இருபது முறை எழுதுங்கள், ஒவ்வொன்றையும் பொருந்தாத நிறத்தில். சொல்லை விட்டுவிட்டு மையின் நிறத்தை மட்டும் வேகமாகச் சொல்ல வேண்டும். ரிட்லி ஸ்ட்ரூப் 1935இல் வெளியிட்ட சோதனை இது. வாய் தடுக்கும். பிறகு அதே நிறச் சொற்களை, உங்களுக்குப் படிக்கத் தெரியாத ஒரு மொழியின் எழுத்தில் யாரையாவது எழுதச் சொல்லிச் செய்து பாருங்கள். ஒரு தடங்கலும் இருக்காது. படிக்கப் பழகிய எழுத்தைப் படிக்காமல் இருக்க முடியாது என்பதுதான் விஷயம். கவனத்தால் எல்லாவற்றையும் அடைத்துவிட முடியும் என்று நினைப்பவர்களுக்கு இந்த இருபது சொல் போதும்.

ஐந்தாம் படி: இன்னொருவரைத் தவற விட வைப்பது

கூடைப்பந்தை எத்தனை முறை கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொல்லிவிட்டு, நடுவில் கொரில்லா வேடத்தில் ஒருவரை நடக்க விட்ட சோதனை, 1999இல் சைமன்ஸ், சாப்ரிஸ் இருவரும் செய்தது, இன்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பாதிப் பேர் கொரில்லாவைப் பார்க்கவில்லை. தெரிந்தவர்களிடம் அது பலிக்காது, அதனால் இப்படிச் செய்யுங்கள். ஒரு பக்கக் கதை ஒன்றைத் தட்டச்சு செய்து, நடுவில் "எண்ணினது போதும், எழுந்து போய் டீ குடி" என்ற வரியைச் சேர்த்துவிடுங்கள். அச்செடுத்து, பக்கத்தில் எத்தனை 'ன்' இருக்கிறது என்று வேகமாக எண்ணச் சொல்லுங்கள். என் தங்கை மகன் 61 என்று மிகச் சரியாகச் சொன்னான். டீ குடிக்கப் போகவில்லை. அந்த வரியில் இருந்த 'ன்'னையும் சேர்த்துத்தான் எண்ணியிருந்தான்.

அனுபவசாலிகள் தப்பிப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். 2013இல் வெளியான ஆய்வில், ஸ்கேன் படம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட 24 மருத்துவர்களிடம் நுரையீரல் சி.டி. படங்களைக் கொடுத்து, புற்றுநோய்க் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். அதில் வழக்கமான கட்டியைப்போல 48 மடங்கு பெரிய கொரில்லா உருவத்தை வைத்திருந்தார்கள். 20 பேர் பார்க்கவில்லை. அவர்கள் கண் எங்கே போனது என்பதையும் கருவி பதிவு செய்தது. தவற விட்டவர்களில் பெரும்பாலோர் கொரில்லா இருந்த இடத்தையே நேராகப் பார்த்திருந்தார்கள். முதல் படியில் கண் நகராமல் கவனம் போனது. இங்கே கண் போயிருக்கிறது, கவனம் போகவில்லை. நான்கு தடவை பார்த்த என் பத்திரிகை அட்டையும் இதே கதைதான்.

கொஞ்சம் நிறுத்தி: யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

மூளைக்குள் உட்கார்ந்து பட்டன் அழுத்தும் அதிகாரி யாரும் இல்லை. கண்முன் இருக்கும் பொருள்கள் எல்லாம் நரம்புச் செல்களைத் தங்கள் பக்கம் இழுக்கப் போட்டி போடுகின்றன. நாம் தேடுவது எதுவோ அதற்குச் சாதகமாகத் தராசு கொஞ்சம் சாய்க்கப்படுகிறது. டெசிமோன், டங்கன் இருவரும் 1995இல் வைத்த விளக்கம் இது. சாய்ப்பது பெரும்பாலும் உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் பகுதியும், முன்மூளையில் கண் அசைவோடு தொடர்புள்ள பகுதியும். இது 'நான் சாவியைத் தேடுகிறேன்' என்று மேலிருந்து வரும் கட்டளை. இன்னொரு வலையமைப்பு, பெரிதும் மூளையின் வலப்பக்கத்தில் இருப்பது, அலாரம் போல வேலை செய்கிறது. குக்கர் விசில் அடித்ததும் கையில் இருப்பதை விட்டுத் தலை திரும்புகிறதே, அது இதனால்தான்.

இந்தப் பகுதிகள் எவ்வளவு முக்கியம் என்பது பக்கவாதம் வந்தவர்களிடம் தெரிகிறது. வலப்பக்க மூளை அடிபட்ட சிலர், பார்வை நன்றாக இருந்தும், இடப்பக்க உலகத்தையே விட்டுவிடுகிறார்கள். தட்டில் வலப்பாதிச் சாப்பாட்டை முடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். தட்டைத் திருப்பி வைத்தால் மீதியும் தெரியும். 1978இல் இத்தாலியின் மிலான் நகரில் இப்படிப்பட்ட இருவரிடம், அவர்களுக்குப் பழக்கமான தேவாலயச் சதுக்கத்தை மனத்தில் நினைத்து விவரிக்கச் சொன்னார்கள். தேவாலயத்தைப் பார்த்து நிற்பதாக நினைத்தபோது வலப்பக்கக் கட்டடங்களை மட்டுமே சொன்னார்கள். தேவாலயப் படியில் நின்று எதிர்த்திசையில் பார்ப்பதாக நினைக்கச் சொன்னதும், முதலில் விட்ட கட்டடங்கள் வந்தன, சொன்னவை காணாமல் போயின. கண் மூடியிருந்தாலும், நினைவுக்குள்ளேயே நடந்தாலும், பாதி இல்லை.

ஆறாம் படி: இரண்டு வேலை ஒன்றாக

கடிகாரத்தை வைத்துக்கொண்டு 'அ'விலிருந்து 'ஔ' வரை எழுதுங்கள், பிறகு 1இலிருந்து 12 வரை எழுதுங்கள். நேரத்தைக் குறியுங்கள். அடுத்து அ, 1, ஆ, 2, இ, 3 என்று மாற்றி மாற்றி எழுதுங்கள். எழுத வேண்டியது அதே 24தான். எனக்கு நேரம் நன்றாகவே கூடியது, 'எ'வுக்கு அப்புறம் எந்த எண் என்று பேனா நின்றது. ஒரே நேரத்தில் இரண்டு வேலை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படி மாறி மாறித் தாவுவதுதான். ஒவ்வொரு தாவலுக்கும் கூலி உண்டு.

அப்படியானால், பலர் கேட்பதை எல்லாம் ஒரே அமர்வில் மனத்தில் வைத்துக்கொண்டு பதில் சொல்லும் அவதானிகள்? கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம், அதாவது நூறு விஷயங்களில் ஒருசேரக் கவனம், செய்து காட்டினார். அவதானம் என்ற சொல்லுக்கே கவனம் என்றுதான் பொருள், இலங்கையில் எச்சரிக்கைப் பலகையில் இன்றும் அதைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அவதானத்தில் கேள்விகள் ஒருவர் பின் ஒருவராக வருகின்றன. விட்ட இடத்தை நினைவில் குறித்து வைத்து, அடுத்ததுக்குப் போய், தடுமாறாமல் திரும்பி வருவதில்தான் அந்தக் கலை இருக்கிறது என்பது என் எண்ணம். தாவலின் கூலியைப் பயிற்சியால் குறைத்தவர்கள் அவர்கள். அதுவும் மேடையில், அதற்கென்றே உட்கார்ந்து.

வண்டி ஓட்டும்போது அந்தக் கூலி வேறு மாதிரி. 2001இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஓட்டுவதைப் போன்ற ஒரு சோதனையில், போனில் பேசியவர்கள் சிக்னலைத் தவற விட்டது இரண்டு மடங்கு. போன் கையில் இருந்தாலும் காதில் மாட்டியிருந்தாலும் வித்தியாசம் இல்லை. ஆகவே புளூடூத் மாட்டிக்கொண்டால் கை சும்மா இருக்கும், அவ்வளவுதான். பக்கத்து சீட்டில் இருப்பவர் பேசுவது இந்த அளவுக்கு ஆபத்தில்லை. குறுக்கே லாரி வந்தால் அவர் வாயும் தானாக மூடிக்கொள்ளும். போனில் இருப்பவருக்கு லாரி தெரியாது. நான் செய்வது இது: போன் சத்தமில்லாமல் சீட்டுக்கு அடியில், யார் அழைத்தார்கள் என்று பார்ப்பது ஓரங்கட்டி நிறுத்திய பிறகு. அலாரம் வலையமைப்பைத் தூண்டிவிட்டு, அதை மதிக்காதே என்று மேலிருந்து கட்டளை போடுவது வீண் வேலை. சத்தமே வராமல் பார்த்துக்கொள்வது எளிது.

வேலையில் இதை வைத்து என்ன செய்யலாம்

நான்கு தடவை பார்ப்பதை விட்டுவிட்டேன், இப்போதும் நான்கு சுற்றுதான், ஆனால் ஒவ்வொன்றிலும் தேடுவது வேறு. முதல் சுற்றில் பெரிய எழுத்து மட்டும், ஒவ்வொரு எழுத்தாக, விரலை வைத்து. இரண்டாவதில் எண்கள்: தேதி, நேரம், கதவு எண். மூன்றாவதில் பெயர்கள், வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. நான்காவதில் கடைசி வரியிலிருந்து மேல் நோக்கி, பொருள் ஓடிப்போய் எழுத்தை மறைக்காமல் இருக்க. அந்த நேரத்தில் ரேடியோ கிடையாது.

அப்புறம், அச்சுக்குப் போவதற்கு முன் பக்கத்துக் கடை அண்ணாச்சி கையில் ஒரு பிரதியைக் கொடுப்பேன். எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்ல மாட்டேன். போன மாதம் அவர் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, பிள்ளையார் தலைகீழா இருக்காரே?"